குடும்ப அட்டையில் இல்லாத ஒரு பெயர்: ரேஷன் அரிசி, மருத்துவக் காப்பீடு, ஒரு வீட்டின் கணக்கு நோட்டு

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை மாதம் ஒரு முறை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, அளவு பார்த்துக் குறித்துக்கொண்டு வருவது என் வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் நான் போகும் ஒரு வீட்டில் 2024 செப்டம்பரிலிருந்து 2025 ஜூலை வரை நடந்ததைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். தொகைகள் அந்த வீட்டு மருமகள் தன் கையால் எழுதிவந்த கணக்கு நோட்டிலிருந்து எடுத்தவை.

குடும்பப் பின்னணி

வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்கு வயது 67. அவருக்காகத்தான் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்தேன். மகன் காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குபவர். வேலை கிடைக்கும் நாளில் 600 ரூபாய், மாதத்தில் சராசரி 15 நாள் வேலை. மருமகளுக்கு வயது 34. விடியற்காலையில் மல்லிகைத் தோட்டத்துக்குப் பூப்பறிக்கப் போவார். அதில் மாதம் 3,500 ரூபாய் வரை வரும். பிள்ளைகள் இருவரும் அரசுத் தொடக்கப் பள்ளியில், ஐந்தாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் படித்தார்கள். மாமியாருக்கு முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய். ஆக, எல்லாம் சரியாக நடக்கும் மாதத்தில் 13,700 ரூபாய் வரவு.

இந்த வரவுக்குள் ஐந்து பேர் சாப்பிட முடிந்ததற்கு ரேஷன் கடையே காரணம். 1997-ல் மத்திய அரசு வறுமைக் கோட்டை வைத்து அட்டைகளைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லாருக்கும் அரிசி என்ற முறையைக் கைவிடவில்லை. 2011 ஜூன் முதல் அந்த அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் தமிழ்நாடு 2016 நவம்பரில் வந்த பிறகு முன்னுரிமை அட்டை, முன்னுரிமையற்ற அட்டை என்று பெயர்கள் மாறினாலும், முன்னுரிமையற்ற அட்டைக்கும் இங்கே அரிசி உண்டு. இவர்களுடையது முன்னுரிமையற்ற அட்டை. மாதம் 20 கிலோ அரிசி, 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம் பருப்பு, 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில், கிலோ 25 ரூபாய் விலையில் சர்க்கரை. இவற்றையே வெளிக்கடையில் வாங்கியிருந்தால் மாதம் சுமார் 1,300 ரூபாய் கூடுதலாகியிருக்கும் என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அந்த வீட்டுக்கு அது சந்தையில் இரண்டு நாள் மூட்டை தூக்கும் கூலிக்கும் மேல்.

அந்த அட்டையில் இருந்தவை நான்கு பெயர்கள்: மாமியார், மகன், இரண்டு பிள்ளைகள். மருமகளின் பெயர் இல்லை.

பெயர் ஏன் விடுபட்டது

திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியும் அவருடைய பெயர் பரமக்குடி பக்கம் இருக்கும் பிறந்த வீட்டு அட்டையிலேயே இருந்தது. முதலில் இதை அலட்சியம் என்றுதான் நினைத்தேன். விசாரித்தபோது நன்றாகக் கணக்குப் பார்த்துச் செய்த காரியம் என்று புரிந்தது.

முன்னுரிமையற்ற அட்டையில் தனி ஆளுக்கு 12 கிலோ, பெரியவர்கள் இருவர் என்றால் 16 கிலோ, மூவரும் அதற்கு மேலும் என்றால் 20 கிலோ. சிறு பிள்ளைக்குப் பாதிக் கணக்கு. 20 கிலோவுக்கு மேல் கிடையாது. கணவர் வீட்டு அட்டை நான்கு பெயரிலேயே அந்த வரம்பைத் தொட்டுவிட்டது. மருமகளைச் சேர்த்தாலும் ஒரு கிலோ கூடப்போவதில்லை. பிறந்த வீட்டு அட்டையிலோ அவரும் தாயாரும் மட்டும். இவர் பெயரை எடுத்தால் அங்கே 16 கிலோ 12 ஆகிவிடும். விதவையான தாயாருக்கு மாதம் நான்கு கிலோ நட்டம், இங்கே லாபம் எதுவும் இல்லை. அரிசியை மட்டும் வைத்துப் பார்த்தால் பெயரை மாற்றாமல் இருப்பதே புத்திசாலித்தனம். நானாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

ஆனால் அந்த அட்டை அரிசிக்கு மட்டுமானது அல்லவே. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ‘குடும்பம்’ என்று எடுத்துக்கொள்வது ரேஷன் அட்டையில் இருக்கும் பெயர்களைத்தான். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது விண்ணப்பமும் டோக்கனும் ரேஷன் கடை வழியாகவே வந்தன. பிறந்த வீட்டுக் கடை ஒரு மாவட்டத்தில், இவர் இன்னொரு மாவட்டத்தில். கணவர் வீட்டு அட்டையிலோ ஓய்வூதியம் வாங்கும் மாமியாரைத் தவிரப் பெண்ணே இல்லை. அந்தத் தொகையும் வரவில்லை. அப்போதும் யாருக்கும் பெயரின் மேல் சந்தேகம் வரவில்லை.

நோய் தெரிந்த விதம்

2024 ஜூனிலிருந்தே படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்லியிருக்கிறார். இரத்தசோகையாக இருக்கும் என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நானும் அதற்கு முந்திய ஆண்டு அவருக்கு அளவு பார்த்திருந்தேன். சர்க்கரை இல்லை, அழுத்தம் இல்லை. என் பதிவேட்டில் அவர் நலமானவர். மூச்சு வாங்குகிறதா, கால் வீங்குகிறதா என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு நள்ளிரவில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கணவர் ஆட்டோ பிடித்து அருகிலுள்ள ஊரின் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார். இரண்டு இரவுகளுக்கு 18,500 ரூபாய். அதற்கு முன்னும் பின்னும் ஆலோசனைக்கும் எக்கோ என்ற இதய ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைகளுக்கும் 4,300 ரூபாய். இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருந்தது. சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சலின் விளைவு. பலூன் செலுத்தி வால்வை விரிக்க வேண்டும், 1,30,000 ரூபாய் ஆகும் என்றார்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டதற்குக் கணவர் இருக்கிறது என்று எடுத்துக் காட்டியிருக்கிறார். இதில் இவர் பெயர் இல்லையே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த 22,800 ரூபாய்க்காகத் தோடும் மோதிரமுமாக முக்கால் பவுன் அடகுக் கடைக்குப் போனது. கையில் கிடைத்தது 25,000 ரூபாய். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி, மாதம் 500.

நான் இதைத் தெரிந்துகொண்டது செப்டம்பர் மூன்றாம் வாரம், மாமியாருக்கு மாத்திரை கொடுக்கப் போனபோது. “எனக்கு அளவு பார்த்தது போதும் தாயி, அவளைப் பார்” என்று அவர்தான் மருமகளைக் காட்டினார். மருமகள் கொண்டுவந்து கொடுத்த கணக்கு நோட்டு, பால்காரருக்குக் குறித்துவைக்கும் சின்ன நோட்டு. இடப் பக்கத்தில் வரவு, வலப் பக்கத்தில் செலவு. ஆகஸ்ட் வரை பால் 900, வாரத் தவணை 650, எரிவாயு, சோப்பு, பென்சில் என்று வரிசையாகப் போகிறது. செப்டம்பர் பக்கத்தில் ‘எக்கோ 1,800’ என்ற வரிக்குக் கீழே கை நடுங்கி எழுத்து கோணியிருந்தது. அந்தப் பக்கத்தில் அரிசிக்கு நேரே மட்டும் எப்போதும்போல ஒரு கோடு. கோடு என்றால் செலவில்லை.

எடுத்த முடிவுகள்

கணவர் மீதமிருந்த நகையையும் வைத்து, குழுவில் இன்னொரு கடன் வாங்கித் தனியார் மருத்துவமனையிலேயே முடித்துவிடலாம் என்றிருந்தார். “ஆள் போனால் நகையை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அக்கா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னால் பொறுத்திருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. மருத்துவர் சொல்லட்டும் என்று அடுத்த நாளே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதய நோய்ப் பிரிவுக்கு அழைத்துப்போனேன். நீர் பிரியவும் இதயத் துடிப்பைக் குறைக்கவும் மாத்திரைகள் அங்கேயே இலவசமாகக் கொடுத்தார்கள். இந்த மாத்திரையில் மூச்சு கட்டுக்குள் இருந்தால் சில வாரங்கள் பொறுக்கலாம். இரவில் மறுபடி மூச்சு முட்டினால் அட்டையைப் பற்றி யோசிக்காமல் நேரே அவசரப் பிரிவுக்கு வந்துவிட வேண்டும் என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். அதை ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவைத்தோம். காத்திருப்பது என்ற முடிவு அந்தத் தாளை நம்பித்தான்.

அரசு மருத்துவமனைக்கு எதற்குக் காப்பீடு என்று பலர் கேட்கிறார்கள். மருத்துவரும் படுக்கையும் மாத்திரையும் இலவசம்தான். ஆனால் பலூன், ஸ்டென்ட், செயற்கை வால்வு போன்ற விலை மிகுந்த பொருள்களுக்கான தொகையை அரசு மருத்துவமனையும் காப்பீட்டிலிருந்து பெற்றுக்கொள்கிறது. எனவே அங்கேயும் அட்டை கொண்டுவரச் சொன்னார்கள். 2009-ல் தொடங்கி, 2012-ல் இப்போதுள்ள பெயருக்கு மாறி, 2018-ல் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்த இந்தத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. அந்தக் கூரை இந்த வீட்டின் மேலேயும் இருந்தது. இவர் ஒருவர் மட்டும் அதற்கு வெளியே நின்றார்.

அடுத்து, எந்த அட்டை வழியாகப் போவது என்பது. பிறந்த வீட்டு அட்டையை வைத்துத் தாயார் பெயரில் புதிதாகக் காப்பீடு எடுத்துவிட்டால் யாருக்கும் அரிசி குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும் என்று உறவினர் ஒருவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. அட்டையில் பெயர் இருந்தாலும், திட்டத்தில் குடும்பம் என்பது கணவன் அல்லது மனைவி, திருமணமாகாத பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். திருமணமான மகள் அதில் வரமாட்டார். சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்கும் நேரத்தில் யாராவது இதைக் கவனித்து நிறுத்திவிட்டால், படுக்கையில் இருப்பவரை வைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெயரை நீக்கி இங்கே சேர்ப்பது என்று முடிவானது.

தாயாரிடம் சொல்லும் பொறுப்பு எனக்கு. தொலைபேசியில் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அவள் பெயரையும் எடுத்துவிட்டால் இந்த வீட்டில் அவளுக்கென்று என்ன இருக்கிறது?” என்றார். அந்த நான்கு கிலோவை அவர் மகளின் பங்காகவே வைத்திருந்திருக்கிறார். ஊருக்கு வரும் யாரிடமாவது அதை மாவாக அரைத்துக் கொடுத்தனுப்புவாராம். கிலோவுக்கு இவ்வளவு என்று நான் போட்டுவைத்த கணக்கில் இது வரவில்லை. பதில் சொல்லத் தெரியாமல், ஆபரேஷனுக்கு இது வேண்டும் அம்மா என்று மட்டும் சொன்னேன். வருகிறேன் என்றார்.

தாள்கள் நகர்ந்த விதம்

பெயர் நீக்கத்தை இணையத்திலேயே செய்யலாம். ஆனால் கடவு எண் (ஓடிபி) போய்ச் சேர்வது அட்டையோடு பதிவான கைப்பேசிக்கு. அந்தக் கைப்பேசி எண் 2019-ல் இறந்துபோன தந்தையாருடையது. இப்போது யாரோ ஒருவரிடம் இருக்கிறது. அழைத்துப் பேசினோம், அவர் நல்ல மனிதர், எண்ணைச் சொல்லவும் தயாராக இருந்தார். தாயார் வேண்டாம் என்றுவிட்டார். அக்டோபர் நடுவில் அவரே தன் வட்ட வழங்கல் அலுவலகத்துக்குப் போய்க் கைப்பேசி எண்ணை மாற்றி, பெயர் நீக்கத்துக்கும் விண்ணப்பித்தார். பத்து நாள் ஆனது. தீபாவளிக்கு முந்திய வாரம் இங்கே பெயர் சேர்க்க விண்ணப்பம் போட்டு, நவம்பர் முதல் வாரத்தில் ஒப்புதல் வந்தது.

வருமானச் சான்றிதழை முன்பே வாங்கி வைத்துக்கொண்டோம். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். காப்பீட்டுக்கான ஆண்டு வருமான வரம்பு முன்பு 72,000 ரூபாயாக இருந்து இப்போது 1,20,000 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்தார். கணவரின் வருமானம் 1,08,000 ரூபாய், மனைவி வேலைக்குப் போவதில்லை என்று உள்ளதைச் சொன்னோம், சான்றிதழ் கிடைத்தது. ஆனால் அவர் நலமாக இருந்து பூப்பறித்துக்கொண்டிருந்தால் இருவர் வருமானமும் ஒன்றரை லட்சத்தைத் தொட்டிருக்கும். வேலைக்குப் போக முடியாதபடி நோய் முற்றிய பிறகுதான் அந்த நோய்க்குக் காப்பீடு பெறும் தகுதி இவருக்கு வந்தது. மாதம் பத்தாயிரம் என்பது ஒரு வீட்டில் இருவர் கூலிக்குப் போனால் தாண்டிவிடும் தொகை. வரம்பை இந்த இடத்தில் வைத்தால், உழைக்கும் மனைவியை வீட்டில் இருக்கச் சொல்வது போலாகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நவம்பர் நடுவில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் புகைப்படமும் கைரேகையும் எடுத்துப் பெயரைச் சேர்த்தார்கள். அன்று காலையில் போய் மாலைக்குள் முடிந்தது.

சிகிச்சையும் அதற்குப் பிறகும்

டிசம்பர் முதல் வாரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பலூன் சிகிச்சை நடந்தது. மொத்தம் ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை.

நோட்டைப் பார்த்தால் செலவில்லாமல் போய்விடவில்லை. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் 3,800 ரூபாய். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்தில்தான். மருத்துவக் கல்லூரி இருக்கும் ஊருக்குப் புறநகர்ப் பேருந்தில்தான் போக வேண்டும். உடனிருந்தவருக்குச் சாப்பாடு 2,600. வெளியே எடுக்க நேர்ந்த பரிசோதனைகள் 1,900. கணவருக்குப் பத்து நாள் கூலி நட்டம் 6,000. தனியாரிடம் கொடுத்த 22,800-ஐயும் சேர்த்தால் 37,100 ரூபாய். அவருடைய நான்கு மாத வருமானத்துக்கும் மேல்.

1,30,000 ரூபாய்க் கடன் இந்தக் குடும்பத்தின் தலையில் விழாமல் காப்பீடு தடுத்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது மருத்துவமனைப் படுக்கையில் தொடங்கிப் படுக்கையிலேயே முடிகிறது. நோய் என்னவென்று கண்டுபிடிக்கும் வரை ஆகும் செலவும், போக்குவரத்தும், உடனிருப்பவர் இழக்கும் கூலியும் வீட்டின் பொறுப்பு. இந்த மாதங்களை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்று நோட்டில் தேடினேன். பூ வருமானம் நின்றுபோனது. மாமியாரின் 1,200 ரூபாயிலிருந்து அடகு வட்டி 500 கட்டப்பட்டது. டிசம்பரில் அந்த ஆறு நாளும் கணவரும் மருத்துவமனையில் இருந்தார். காலையில் பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவு, மதியம் சத்துணவு. பிள்ளைகளுக்கு இரவுக்கு மட்டும் மாமியார் ரேஷன் அரிசியில் சோறு வடித்திருக்கிறார். மளிகைக்கென்று அந்த வாரம் எழுதியிருப்பது 140 ரூபாய். மருத்துவச் செலவைத் தாங்கியது மருத்துவத் திட்டம் மட்டுமல்ல, உணவுக்காகக் கொடுக்கப்பட்டதும்தான்.

2025 பிப்ரவரியில் பாதி நேரத்துக்குப் பூப்பறிக்கப் போகத் தொடங்கினார். 21 நாளுக்கு ஒரு முறை பென்சிலின் ஊசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்கிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருத்துவக் கல்லூரிக்குப் போய்வர இருவருக்கும் 240 ரூபாய் ஆகிறது. மறுபடி வேலைக்குப் போனால் வருமானம் கூடிக் காப்பீடு போய்விடுமோ என்று அவர் கேட்டார். வேலைக்குப் போகாதே என்றும் சொல்ல முடியாது, வருமானத்தை மறை என்றும் சொல்ல முடியாது. யோசித்துவிட்டு அவரே போனார். குழுத் தவணை காத்திருக்காது.

ஜூலையில் உங்களுடன் ஸ்டாலின் முகாமில் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் கொடுத்தார். தோடும் மோதிரமும் அடகுக் கடையில்தான் இருக்கின்றன. வட்டியாக மட்டும் இதுவரை 5,000 ரூபாய் போயிருக்கிறது.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

இந்த வீட்டுக்குப் பிறகு நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ரேஷன் அட்டையை வாங்கிப் பார்க்கிறேன். வீட்டில் சாப்பிடுகிறவர்கள் யார், அட்டையில் இருப்பவர்கள் யார் என்று ஒவ்வொரு பெயராக ஒப்பிடுகிறேன். பெரும்பாலும் விடுபட்டிருப்பது மருமகள் பெயரும் கடைசிக் குழந்தையின் பெயரும்தான். பதிவான கைப்பேசி எண் யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்கிறேன். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமில் இவற்றைச் சரிசெய்துகொள்ளலாம். நோய் இல்லாதபோது செய்தால் இது ஒரு நாள் வேலை. நோய் வந்த பிறகு இந்த வீட்டில் ஏழு வாரத்துக்கும் மேல் ஆனது.

நடைமுறையில் ஒரு மாற்றம் எளிதாகவே செய்யலாம் என்று நினைக்கிறேன். திருமணமான பெண்ணின் பெயரை மாற்றினால் ஒரு வீட்டுக்கு அரிசி குறைகிறது, இன்னொரு வீட்டுக்குக் கூடுவதில்லை என்ற நிலை இருக்கும் வரை யாரும் தாமாக வந்து மாற்றமாட்டார்கள். பெயரை நீக்கும் அட்டையில் தனியாக மிஞ்சுபவர் முதியவராக இருந்தால், அவருக்கு 35 கிலோ தரும் அந்தியோதயா அட்டைக்குத் தகுதி இருக்கிறதா என்று அந்த விண்ணப்பத்தோடு சேர்த்தே பார்த்துவிடலாம். இந்தத் தாயாருக்காக நாங்கள் அதை யோசித்ததே 2025 மார்ச்சில்தான். அக்டோபரில் அவர் வட்ட வழங்கல் அலுவலகத்தில் நின்ற அன்றே அந்த மனுவையும் கொடுத்திருக்கலாம். இப்போது மனு கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறார். அதுவரை 12 கிலோதான்.